உரிய உடை குறித்துத் தெளிவுரை கோரல்

ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தால் அதற்குப் பதில் போக வேண்டும். உடனே முடியாவிட்டால், பரிசீலனையில் உள்ளது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். இது விதி. அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியே கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். நான் அதைக் கடைப்பிடித்தேனா என்று கேட்பவர்கள் தனியாக மனு கொடுக்கலாம்.

ஓய்வு பெற்ற நான்காம் மாதம், கொட்டாம்பட்டிக்குப் போகும் வழியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நிர்வாக அலுவலர் வேலைக்கு நேர்காணல்; "உரிய உடையில் வரவும்" என்று கடைசி வரி. இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்துக் கோடைக்காலம்.

அந்த வேலை எனக்குக் கட்டாயம் கிடைத்தாக வேண்டும் என்பதில் என்னைவிட என் மனைவி உறுதியாக இருந்தாள். அதற்குக் காரணம் உண்டு. அடுக்களை டப்பாக்கள் அனைத்துக்கும் நான் வரிசை எண் கொடுத்து முடித்திருந்தேன். பதினொரு மணிக் காப்பி பதினொன்று பத்துக்கு வந்ததற்கு விளக்கமும் கேட்டிருந்தேன்.

"இங்க பாருங்க," என்றாள். "இந்த வேலை கிடைக்கலைன்னா நான் அழகர்கோவில் மலையில போயி உக்காந்துக்கிருவேன். சோறு நீங்களே பொங்கி, நீங்களே விளக்கம் கேட்டுக்கங்க."

எனவே உடை விஷயத்தில் தவறு நேரக் கூடாது. உரிய உடை என்றால் எது? அலுவலகத்தில் நான் வேட்டியும் கட்டியிருக்கிறேன், பேன்ட்டும் போட்டிருக்கிறேன். எதற்கும் யாரும் குறிப்பாணை கொடுத்ததில்லை. ஆனால் இது தனியார் கல்லூரி. ஐயம் எழுந்தால் மேலிடத்தில் தெளிவுரை கேட்பதுதான் முறை. கேட்டேன். வேட்டி உரிய உடையாகுமா. பேன்ட் எனில் சட்டையை உள்ளே விடுவதா, வெளியே விடுவதா. காலில் ஷூவா, செருப்பா. கோட்டு தேவையெனில் மே மாதத்துக்கு விலக்கு உண்டா. பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்காம் நாள் ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

செல்லூரில் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த சௌராஷ்டிர நண்பரிடம் ஒப்புகை அட்டையைக் காட்டினேன். அவர் எனக்கு இருபது வருடமாகச் சட்டை தைப்பவர்.

"ஏண்ணே, வேலைக்குப் போறதுக்கு முந்தியே அவுங்களுக்கு வேலை குடுத்துட்டீங்களா?" என்றார். "நாளைக்கே ஒரு பேன்ட்டு வெட்டித் தாரேன். போட்டுட்டுப் போங்க."

"பதில்ல வேட்டின்னு வந்துட்டா?"

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணி பாவம்ணே," என்றார்.

நேர்காணல் நாள் வரை பதில் இல்லை. தெளிவுரை வராத நேர்வில், எந்த உத்தரவு வந்தாலும் நிறைவேற்றத் தயாராக இருக்க வேண்டும். பேன்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டேன். இஸ்திரி போட்ட வேட்டியையும் செருப்பையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டேன். சட்டையைப் பேருந்தில் வெளியே விட்டிருந்தேன். கல்லூரி வாசலில் உள்ளே விட்டேன்.

அறைக்குள் மூன்று பேர். நடுவில் தாளாளர், ஊருக்கு மேற்கே தோப்பும் வயலுமாக வாழ்ந்த குடும்பத்துக்காரர், வெள்ளை வேட்டி. வலப்பக்கம் முதல்வர், கோட்டும் டையுமாக வியர்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு பேராசிரியர், அரைக்கைச் சட்டை, வெளியே விட்டது. ஒரே மேசையில் மூன்று முன்மாதிரிகள். கேட்டதில் தவறில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது.

கேள்விகள் நன்றாகவே போயின. எழுந்திருக்கும்போது தாளாளர் என் பையைப் பார்த்தார்.

"பையில என்னண்ணே? சோறா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. பதில் சொல்லாமல் இருந்துதான் பழக்கம். ஆனால் அன்று வாய் முந்திக்கொண்டது. "வேட்டிங்க."

காரணத்தைச் சொல்லி, கடிதத்தின் நகலையும் ஒப்புகை அட்டையையும் மேசைமேல் வைத்தேன். வேலை போயிற்று, மலையடிவாரத்தில் மனைவிக்கு இடம் பார்க்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது.

தாளாளர் நகலை முழுதும் படித்தார். கோட்டு விலக்கு வரிக்கு வந்ததும் முதல்வரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அட்டையைத் திருப்பினார். "நம்ம ஆபீஸ் கையெழுத்துதான் சார். இந்தக் கடுதாசி எங்க?"

முதல்வர் ஓர் எழுத்தரைக் கூப்பிட்டார். எழுத்தர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருபது நிமிடம் பீரோக்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கடிதம் கிடைக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டு வாங்குன கடுதாசியவே காணோம். இங்க வேற எம்புட்டு காணாமப் போயிருக்கோ," என்றார் தாளாளர். "அண்ணே, நீங்க ஒண்ணாந்தேதி வந்துருங்க. வந்து மொதல்ல இதத் தேடுங்க."

"எந்த உடையிலங்க?"

"ஏதாச்சும் ஒண்ணு உடுத்திட்டு வாங்கண்ணே!"

ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் தேதி சேர்ந்தேன். என் கடிதம் ஆய்வகக் கருவிகளின் விலைப்பட்டியல்களுக்கு அடியில், பிரிக்கப்படாமலே கிடந்தது. தபால் பதிவேடு ஒன்று தொடங்கி முதல் பதிவாக அதை எழுதினேன். பதில் வரைவு தயாரித்துக் கோப்பைத் தாளாளருக்கு வைத்தேன். "பேசவும்" என்று எழுதித் திருப்பினார். பேசினேன்.

"நீங்கதான் வேலைக்கே வந்துட்டீங்களேண்ணே, இனி யாருக்குப் பதிலு?"

"எழுதுனப்ப நான் வெளியாளுங்க. வெளியாளுக்குப் பதில் போகணும்."

கோப்பு இரண்டு மாதம் அவர் மேசையில் இருந்தது. நினைவூட்டு இரண்டு அனுப்பினேன். கடைசியில், வரைவின் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார். அன்றே பதிவுத் தபாலில் சேர்த்தேன். அதற்குள் வீட்டில் டப்பாக்களின் எண்களை மனைவி ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் மாலையில் நான் வீடு திரும்பியபோது உறை பிரிந்து கிடந்தது. எனக்காகக் கையெழுத்துப் போட்டு வாங்கியவளே வாசித்துக் காட்டினாள்: வேட்டி, பேன்ட் இரண்டும் உரிய உடையே, ஒன்றை உடுத்தி வந்தால் போதும், மற்றதைப் பையில் கொண்டுவரத் தேவையில்லை.

உறையின் மேல் மூலையில் நான் வழக்கம்போல் பெறப்பட்ட தேதியைக் குறித்தேன்: ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை.