இரண்டு தடவை எண்ணப்பட்ட நியூட்ரான்

ஷாமினிக்கு நடந்ததை எழுத உட்கார்ந்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. செந்தூல் ஃபிளாட்டிலிருந்து கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலைப் பிடித்து, காலை ஏழரைக்கே எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுகிற முனைவர் பட்ட மாணவி. நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சுகுமாறன்.

அளவுக்கு மீறி நியூட்ரான் ஏறிய அணுக்கரு நிலைக்காது. உருவான கையோடு நியூட்ரானைக் கக்கிவிடும். ஒன்றையா, இரண்டையா? அதைத்தான் அவள் வெளிநாட்டுச் சோதனைப் பதிவுகளில் மூன்று வருடமாகத் தேடினாள். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ராதாகிருஷ்ணனுக்கோ இரண்டுதான் வேண்டும். அப்போதுதான் அவருக்குப் பெயர்.

பாதிப் பதிவுகளில், ஒரே நியூட்ரான் ஒரு கருவியில் மோதி, தெறித்து, பக்கத்துக் கருவியிலும் மோதியிருப்பதை ஷாமினி கண்டுபிடித்தாள். ஒரே விருந்தாளி முன்கதவையும் பின்கதவையும் தட்டியதற்கு இரண்டு இலை போட்ட கதை. உடனே அவருக்கு மெயில் எழுதினாள். பதிவுகள் என் பொறுப்பிலிருந்த கம்ப்யூட்டர்களில் இருந்ததால் எனக்கும் ஒரு நகல் வந்தது.

"உன்ன யாரு கேட்டா? சொன்னத செய், போதும் லா," என்றார் அவர்.

"அப்படின்னா பேப்பர்ல என் பேர எடுத்துடுங்க சார்."

எடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் உதவிக்காகச் சேர்த்த என் பெயர் நான்காவதாக இருந்தது. நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன்.

கட்டுரை வெளியாகி எட்டு மாதத்தில் வேறொரு குழு தவற்றைப் பிடித்தது. ராதாகிருஷ்ணன் பல்கலைக்கழகத்துக்குக் கூசாமல் எழுதினார்: "பதிவுகளைச் சலித்த மாணவி ஷாமினியின் பிழை." பெருமைக்கு வேண்டாத பெயர் பழிக்கு மட்டும் வேண்டியிருந்தது! பட்டப் படிப்பையே ரத்து செய்ய விசாரணை வைத்தார்கள். அவளுடைய மெயில் கணக்கை முடக்க உத்தரவு வந்தது. முடக்கியது வேறு யாருமில்லை, இந்தப் பாவிதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, அந்த மெயில் உங்ககிட்ட இருக்கா, டெலிட் பண்ணிட்டீங்களா?"

"இருக்கும்மா."

"அப்ப ஏண்ணே இவ்ளோ நாளா பேசல?"

தட்டைத் தள்ளிவைத்தேன். பேராசிரியர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். அங்கேயே போனை எடுத்து, மெயிலை விசாரணைக் குழுவுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

கட்டுரை வெளியாகும் முன்பே அவள் சொன்ன வரி அது.