இடப்பக்கத்து இருக்கையில் யசோதரன்

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு இடப்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கண்களை மூடிக்கொள்கிறார் யசோதரன். "ஓட்டுங்க. எங்க இழுக்கலையோ அங்கயே போங்க." யாருடைய காரையும் முதல் தடவை அவர் ஓட்டுவதில்லை. சொந்தக்காரர் ஓட்டினால்தான் கோளாறு வெட்கப்படாமல் வெளியே வரும் என்பார். வானொலியை நிறுத்துவார், ஏர்கானையும் நிறுத்துவார். வியர்த்துக் கொட்டும். கண் திறக்க மாட்டார்.

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் அவருடைய கார் பட்டறை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவும் அண்ணன்மாரும் அலுவலக மேசைகளில் வேலை பார்த்த யாழ்ப்பாணக் குடும்பம். நீங்கள் மட்டும் எப்படி இங்கே என்று கேட்டால், "எனக்கு நாற்காலில உக்காந்தா தூக்கம் வந்துரும்லா" என்று சிரிப்பார். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலை. நல்ல செய்தி என்றால் வாடிக்கையாளர் கையில் கொஞ்சம் கொட்டுவார். பெரிய வேலை என்றால் தானே மென்றுகொண்டு நிற்பார்.

சென்ற மாதம் ஒரு காலை, பிரேக் பார்க்க என் காரை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஆசியா பீவி வந்தார். அறுபதைத் தாண்டியவர். அவர் கணவர் ஷேக் அலாவுதீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். பாயா தெருபோங் மேட்டைத் தாண்டித்தான் அந்த நிலையத்துக்குப் போக வேண்டும்.

"தம்பி, மேட்டுல எண்ண மிதிய அமுக்குனா காடி யோசிக்குது. அப்புறம்தான் போகுது. அன்னிக்கி பின்னாடியே ஒரு லோரி, ஹார்ன் அடிச்சிக்கிட்டே முட்டுற மாதிரி வந்துட்டான். பக்கத்துல இருந்த அவுங்க என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. வீடு வர்ற வரைக்கும் விடவே இல்ல."

வேறொரு பட்டறையில் ஸ்பார்க் பிளக் மாற்றியிருந்தார்கள். கணினியில் பிழை ஒன்றும் காட்டவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "எனக்குத்தான் ஓட்டத் தெரியலங்கிறாங்க" என்றபோது அவர் குரல் இறங்கியது.

"ஏறுங்கக்கா" என்றார் யசோதரன். என்னையும் பின்னால் ஏறச் சொன்னார். "வெயிட் இருந்தாத்தான் அது உண்மையச் சொல்லும்."

சமதரையில் கார் ஒழுங்காகப் போனது. மேடு தொடங்கியதும் ஆசியா பீவி அழுத்தி மிதித்தார். ஒரு விக்கல். கார் அப்படியே தயங்கி, பிறகு சட்டென்று பாய்ந்தது. கண்ணை மூடியபடியே, "இது உங்க தப்பு இல்லக்கா. இதுக்குப் பெட்ரோல் பத்தல" என்றார் யசோதரன்.

பட்டறைக்குத் திரும்பி, பெட்ரோல் வரும் குழாயில் அழுத்தம் காட்டும் மானியை மாட்டினார். சும்மா ஓடும்போது முள் நிலையாக நின்றது. வேகம் கூட்டியதும் சரிந்தது. பின் இருக்கையைத் தூக்கி, தொட்டிக்குள்ளிருந்து பம்ப்பை வெளியே எடுத்தார். அதன் அடியில் இருந்த சின்ன வலை, சேறு பூசியதுபோல் கறுத்து அடைத்துக் கிடந்தது. "பாவம், இதுவழியா எவ்வளவுதான் உறிஞ்சும்?" பம்ப்பையும் வலையையும் மாற்றி முடித்தபோது, ஆசியா பீவியின் உள்ளங்கையில் கடலை விழுந்தது.

மறுபடியும் மேடு. கார் விக்காமல் ஏறியது. ஆனால் லோரி நெருக்கிய அந்த இடம் வந்ததும் வேகம் தளர்ந்தது. யசோதரன் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். ஆசியா பீவியின் பாதம் மிதியை விட்டு மேலெழுந்திருந்தது.

"என்னமோ தானா தூக்கிக்கிது தம்பி."

"தாக் ஆப்பா, பரவால்ல. இன்னொரு தடவ வருவோம்."

சுற்றினோம். மறுபடியும் சுற்றினோம். பட்டறையிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது; அவர் எடுக்கவில்லை. தைரியம் எதுவும் சொல்லவில்லை. அந்த இடம் நெருங்கும்போதெல்லாம், "இன்னிக்கி வீட்டுல என்னக்கா சமையல்?" என்று மட்டும் கேட்டார். கடைசிச் சுற்றில் ஆசியா பீவி மீன் குழம்புக்கு எவ்வளவு புளி என்று சொல்லி முடித்தபோது, மேடு எங்களுக்குப் பின்னால் போயிருந்தது. அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் என் காரை எடுக்கப் போனபோது, ஆசியா பீவியின் கார் பட்டறை வாசலில் நின்றது. உள்ளே இடப்பக்கத்து இருக்கையில் ஷேக் அலாவுதீன், டயாலிசிஸ் ஊசிக்காகக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி.

"நீயும் வாயேன் தம்பி, மேடு வரைக்கும்" என்றார் ஆசியா பீவி யசோதரனிடம்.

"அதான் அண்ணன் பக்கத்துல இருக்காரே. போய்ட்டு வாங்கக்கா."

சாலையில் வண்டிகள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. யசோதரன் இறங்கிப்போய் நடுச்சாலையில் நின்று, வந்துகொண்டிருந்த லோரிக்கு உள்ளங்கையைக் காட்டினார். கார் தயங்காமல் வெளியேறி மேட்டை நோக்கிப் போனது. லோரி ஹார்ன் அலறியது. அதன் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் சேர்ந்து அலறின. அந்தக் கார் வளைவில் திரும்பி மறையும்வரை அவர் கையை இறக்கவில்லை.