பக்கத்துக் கட்டிலில் என் பெயர்

பிரேசர் டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். ரத்தம் குறைவு என்று இன்று எனக்கு ஒரு பை ஏற்றுவதாக இருந்தது.

காலையிலிருந்து யார் வந்தாலும் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி கேட்டார்கள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாள் காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தார். அவர் காதிலும் எல்லாம் விழுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

மதியம் பாத்ரூம் கதவைத் திறந்து வெளியே வந்தால், டியூட்டி மாறி வந்த இரண்டு நர்ஸுகள் ரத்தப் பையுடன் அந்த அம்மாள் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"பேர் சொல்லுங்கம்மா."

"ஜெசிந்தா."

அது என் பெயர்.

அடுத்து என் அப்பா பெயரைச் சொன்னார். நான் பிறந்த தேதியையும் தடுமாறாமல் சொன்னார். அப்படியானால் நான் யார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஒரு நர்ஸ் அந்த அம்மாளின் மணிக்கட்டில் இருந்த பட்டையைத் திருப்பி எண்ணைப் படித்தார். மற்றவர் பையைப் பார்த்தார்.

"நில்லுங்க சிஸ்டர். நம்பர் வேற. இவங்க இல்ல."

"நான்தான் ஜெசிந்தா," என்றேன், கதவைப் பிடித்தபடி.

அந்த அம்மாள் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"நீ போய்ட்டேன்னு நெனச்சேம்மா," என்றார், மிகவும் அன்பாக.

என் பட்டையைச் சரிபார்த்த பிறகு இப்போது ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் உண்மையான பெயரை நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் மனப்பாடம் ஆகிவிடுமோ என்று பயம். நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?