மந்திரிக்காத மண்டபம்

தொண்டு நிறுவனமும் தேவாலயமும் கைகோத்தால் ஊருக்கு என்னென்ன நன்மை என்று ஏற்காட்டில் யார் கேட்டாலும் நான் பேசுவேன். எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவையில் என்னை வைத்திருப்பதே அதற்குத்தான். மற்றபடி எனக்குப் பாடவும் வராது, பந்தல் கட்டவும் வராது.

போன காப்பிப் பறிப்புக்கு முன்னால் ஒரு நல்ல காரியம் முடிவானது. நாகலூர்ப் பக்கம் பழம் பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தையைச் செடிக்கடியில் துணி விரித்துப் படுக்கவைத்துவிட்டுத்தான் வேலை பார்க்கிறார்கள். எறும்பைப் பற்றியும் பனியைப் பற்றியும் நான் வர்ணிக்க வேண்டியதில்லை. எங்கள் கோயில் மண்டபமோ கல்யாணம் இல்லாத நாளெல்லாம் சும்மா கிடக்கிறது. இடம் எங்களுடையது, ஆயா, பால், தொட்டில் எல்லாம் சேலத்துத் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு. பறிப்பு தொடங்கும் திங்கட்கிழமையிலிருந்து குழந்தைகளை விட்டுப் போகலாம் என்று பூசை முடிந்ததும் ஃபாதரே அறிவித்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மண்டபத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது. படியில் ஆயா. பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பறிப்புக்காரப் பெண். ரோட்டில், அவளை ஏற்றிவந்த எஸ்டேட் ஜீப் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.

விசாரித்தேன். புதுசாக வெள்ளையடித்த மண்டபத்தை மறைமாவட்ட ஆயர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேண்டுமாம். அதுவரை யாரும் புழங்கக் கூடாதாம். ஆயருக்குத் தேதி ஒழியவில்லை. தொண்டு நிறுவனத்து அம்மாவுக்குப் போன் போட்டேன். நன்கொடையாளர் வந்து ரிப்பன் வெட்டும்வரை தொட்டிலைப் பிரிக்க வேண்டாம், போட்டோவில் புதிதாகத் தெரிய வேண்டும் என்றார். இரண்டு நல்லவர்கள் சேர்ந்தால் நன்மை இரட்டிப்பாகும் என்று பேசிக்கொண்டு திரிந்தவன் நான். இரட்டிப்பானது விழாதான்.

"ஏனுங்க, எம்புள்ளைக்கே ஞானஸ்நானம் ஆயிருச்சுங்க," என்றாள் அந்தப் பெண். "கட்டடத்துக்கு இன்னும் ஆகலீங்களா?"

கேட்டுவிட்டுக் குழந்தையோடு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

ஃபாதர் வீட்டு மேட்டில் ஏறினேன். என் உடம்பு கோபத்துக்குத் தோதானதல்ல; பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி கோபப்பட்டுக்கொண்டு போனேன்.

"நீங்க மந்திரிச்சாச் செல்லாதுங்களா, ஃபாதர்?"

"செல்லுமுங்க. ஆயர் வந்தா ஒரு கவுரவமுங்களே."

"யாருக்குங்க கவுரவம்? அந்தப் புள்ளை இந்நேரம் செடிக்கடியில கெடக்குது."

ஃபாதர் தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்தார். மண்டபத்தை மந்திரித்து முடிக்க, பேரவையில் நாங்கள் பேனர் நிறத்தைப் பற்றிப் பேசிய நேரம்கூட ஆகவில்லை. சேலத்து அம்மாவிடம், தொட்டிலில் குழந்தை கிடந்தால் போட்டோ கெட்டுவிடுமா என்று கேட்டேன். மௌனமானார். அதைச் சம்மதமாக நானே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் திறந்தோம். சில குழந்தைகள் வந்தன. அவளுடையது வரவில்லை. பூட்டிய கதவை ஒருமுறை பார்த்தவள் மறுபடி எதற்கு வருவாள்? சாயங்காலம் நானும் ஆயாவும் நாகலூருக்கு பஸ் ஏறி, எஸ்டேட் லயன் குடியிருப்பில் அவள் வீட்டைக் கண்டுபிடித்தோம். குழந்தையின் கன்னமெல்லாம் எறும்புக்கடித் தடிப்பு.

"இன்னைக்குத் தெறந்துட்டீங்க," என்றாள். "நாளைக்குப் பெரியாளுங்க யாராச்சும் வர்றாங்கன்னா பூட்டிப்போடுவீங்க. புள்ளைய வெச்சுக்கிட்டு நான் எங்கீங்க போறது?"

கூட்டுப்பணி என்பதன் தத்துவத்தை நான் ஆரம்பித்தேன்.

"நீங்க செத்த சும்மா இருங்க," என்றார் ஆயா. அவளிடம் திரும்பி, "சாவி இப்ப எங்கிட்ட இருக்குது கண்ணு. ஆரு கேட்டாலும் குடுக்கறதா இல்ல."

"உங்க ஊடு எங்கீங்க?"

"கோயிலுக்குப் பின்னாலயே."

"பூட்டியிருந்துச்சுன்னா அங்க கொண்டாந்து உட்டுப்போட்டுப் போயிருவேனுங்க."

"உடு. எனக்கென்ன."

மறுநாள் ஜீப் வருவதற்கு முன்பே, முதல் பஸ்ஸில் குழந்தை வந்துவிட்டது.