மிதித்த இரண்டு நாள்

சாச்சா, என் அத்தாவின் தம்பி, வளைகுடாவில் ஏழு வருடம் ரோட்டோர மரங்களுக்குத் தண்ணீர் விட்டார். எங்கள் வீட்டில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. கம்பெனியில் இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். எண்பதுகளின் கடைசியில் ஊர் திரும்பியபோது ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு போர்வை, உப்பு மணலில்கூடத் தன்னால் புல் வளர்க்க முடியும் என்ற நம்பிக்கை ஆகியவற்றைக் கொண்டுவந்தார். முதல் இரண்டும் சீக்கிரமே விற்றுப்போயின.

அந்தச் சமயத்தில்தான் மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரமாக மெட்ராஸ்காரர்கள் சிலர் இடம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். வீடு எழும்பி வெள்ளையடித்த பிறகு சுற்றிலும் பார்த்தால் வெறும் மணலாக இருக்கும். பச்சையாக ஏதாவது வேண்டும் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தோன்றும். சாச்சா இடையஞ்சாவடிப் பக்கத்திலிருந்து லாரியில் செம்மண் அடித்து, மணல்மேல் முக்கால் அடிக்குப் பரப்பி, அதில் புல்லை வேரோடு பிய்த்துப் பிய்த்து நட்டுத் தருவார். தோட்ட வேலை என்று சொன்னால் அத்தாவுக்குப் பிடிக்காது. கான்ட்ராக்ட் என்று சொல்லச் சொல்வார்.

ஆட்களைப் பிடிப்பது சாச்சாவுக்குச் சுலபமாக இருந்தது. ஐப்பசி பிறந்தால் மழை. உப்பளத்தில் வேலை நின்றுவிடும். தையில்தான் மறுபடி பாத்தி கட்டுவார்கள். நடுவில் மூன்று மாதம் கூலி இல்லாமல் இருக்கும் பெண்களில் ஆறு பேரை அவர் அழைத்துக்கொண்டார். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். எனக்கு அப்போது மிகவும் வயதானவளாகத் தெரிந்தாள். ஆளுக்கு நாளைக்கு எட்டு ரூபாய்.

பணத்தை நிர்வகிக்க சாச்சா மூன்று பிஸ்கட் டின்கள் வைத்திருந்தார். ஒன்று மண்ணுக்கும் லாரிக்கும், ஒன்று கூலிக்கு, ஒன்று வீட்டுக்கு. ஒரு டின்னிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போகக் கூடாது என்பது சட்டம். கம்பெனியில் ஒரு பாகிஸ்தான்காரர் அப்படித்தான் செய்தாராம். ஆட்களை நிர்வகிக்க அவரிடம் ஒரு நோட்டு மட்டும் இருந்தது. காலையிலும், சாப்பாட்டுக்குப் பிறகும் பேர் எழுதவேண்டும். அரையாண்டு விடுமுறையில் வீட்டில் சும்மா இருந்த என்னிடம் அதைக் கொடுத்துவிட்டார். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேலும் இரண்டு மடங்கு செய்துவைக்கும் பிள்ளையாக இருந்தேன். இன்றும் அந்தக் குணம் போகவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நான் சொல்லவரும் வேலை ஒரு ரிடையர்ட் ஆபீசர் வீட்டில் நடந்தது. தை முதல் வெள்ளியில் அவர் மகளுக்கு அந்தப் புல்தரையில்தான் நிச்சயதார்த்தம். பாதிப் பணம் முன்கூட்டியே கொடுத்திருந்தார். மண்ணும் லாரியும் அதைத் தின்றுவிட்டன. மீதியைப் பச்சையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தருவார். ஆக, புல் வராவிட்டால் சாச்சாவின் கூலி டின் அந்தச் சனிக்கிழமையோடு காலி.

செம்மண் பரப்பி முடிந்த மறுநாள் சாச்சா புல் வாங்கப் பாண்டிச்சேரிக்கு முதல் பஸ்ஸில் கிளம்பினார். போகும்போது சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: மண்ணைச் சமமாக இழுத்து, பள்ளம் மேடு தெரிகிற அளவுக்கு, மேலோட்டமாக மிதித்துவையுங்கள், சாயங்காலம் வந்துவிடுவேன்.

அவர் வரவில்லை. நர்சரியில் புல் இன்னும் வெட்டியிருக்கவில்லை என்று அங்கேயே தங்கிவிட்டார். தகவல் சொல்ல அப்போது வழி ஏது?

பெண்கள் பதினோரு மணிக்குள் மண்ணை இழுத்து முடித்தார்கள். பிறகு மிதிக்கத் தொடங்கினார்கள். மிதிப்பது என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒரு மிதிதான். உப்பளத்தில் சீசன் தொடங்கும்போது பாத்தியின் தரையைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து நாள் கணக்கில் மிதிப்பார்கள். ஒரு சொட்டு உப்புத்தண்ணீர்கூடக் கீழே இறங்கக் கூடாது. தரை சிமென்ட் மாதிரி ஆகவேண்டும். ஆறு பேரும் வரிசையாக, ஒருத்தி தோளில் இன்னொருத்தி கைபோட்டு, குதிகாலை அழுத்தி அழுத்தி நகர்ந்தார்கள். மாமியாரை நினைத்துக்கொண்டு மிதிக்கச் சொல்லி ஒருத்தி மற்றவர்களைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

மதியம் அஞ்சலை என்னிடம் வந்தாள்.

"ஏம் பாப்பா, இது போதுமா? சாச்சா எதுனா சொன்னாரா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேலையை நிறுத்தினால் அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், உட்கார்ந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு பேர் எழுதுவதா வேண்டாமா என்ற கவலை எனக்கு. நோட்டில் அரைநாள் போட்டால் சாச்சா என்னைத்தான் கேட்பார்.

"சாச்சா வர்ற வரைக்கும் மிதிங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வரிசைக்குத் திரும்பிப் போனாள். அன்று மாலை வரைக்கும், மறுநாள் முழுவதும் மிதித்தார்கள். மறுநாள் சாயங்காலம் அந்தத் தரை அவ்வளவு அழகாக இருந்தது. நான் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டேன். சுவர்வரைக்கும் நேராகப் போயிற்று.

சாச்சா இருட்டுவதற்குள் வேனில் புல்லோடு வந்து இறங்கினார். ஈரச் சாக்கில் சுற்றிய பன்னிரண்டு கட்டு. தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் வந்தார். குனிந்து கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு வேன் டிரைவரிடம் கடப்பாரை வாங்கி ஒரு குத்துக் குத்தினார். டங் என்று சத்தம் வந்தது.

"யாரு இவ்ளோ மிதிக்கச் சொன்னது?" என்றார்.

அந்த நேரத்தில் நான் எங்கே நின்றேன் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிணற்றுப் பக்கம் நின்றதாக ஒரு நினைவு, அஞ்சலைக்குப் பின்னால் நின்றதாக இன்னொரு நினைவு. சொல்ல வாயெடுத்ததாக மட்டும் எந்த நினைவும் இல்லை.

"கால் பழக்கம் பாய்" என்றாள் அஞ்சலை. "உப்புக் களம்னு நெனச்சி மிதிச்சிட்டோம்."

மாமியாரை மிதித்தவள் சும்மா இருக்கவில்லை. "தண்ணி வுடுங்க பாய். புல்லு வரலன்னாலும் மூணு நாள்ல உப்பு வாரிடலாம்" என்றாள். டிரைவர் சிரித்தார். சாச்சா சிரிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவு தரையையும் மறுபடி கொத்திப் பொலபொலவென்று ஆக்கவேண்டும். இல்லாவிட்டால் வேர் இறங்காது, ஊற்றும் தண்ணீர் மேலேயே நின்று புல்லை அழுக வைத்துவிடும். சாக்கில் இருக்கும் புல் இரண்டு நாளுக்குமேல் தாங்காது.

"மிதிச்சது ரெண்டு நாளு, கொத்தறது ரெண்டு நாளு. எந்த டின்லருந்து நான் எடுக்கறது, நீயே சொல்லும்மா" என்றார் சாச்சா. குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அஞ்சலை மற்ற ஐந்து பேரையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்தாள்.

"மிதிச்ச ரெண்டு நாள எழுத வேணாம் பாப்பா. அடிச்சிடு."

நான் சாச்சாவைப் பார்த்தேன். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாரா என்பதும் நிச்சயமில்லை. ஆறு பேர், இரண்டு நாள், நாளைக்கு இரண்டு வேளை, இருபத்துநான்கு இடம். ஒவ்வொன்றாக அடித்தேன். எங்கள் பள்ளியில் தப்புக் கணக்கை அப்படித்தான் அடிக்கச் சொல்வார்கள். அடித்துவிட்டால் தப்புப் போய்விடும்.

மறுநாள் விடியலிலேயே வந்துவிட்டார்கள். தாங்கள் இறுக்கிய தரையைத் தாங்களே மம்முட்டியால் கொத்தினார்கள். அஞ்சலை உள்ளங்கை கிழிந்து துணி சுற்றியிருந்தாள். சாச்சாவும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடவே கொத்தினார். இரண்டாம் நாள் மத்தியானம் கொத்தி முடித்து, பொழுது சாய்வதற்குள் கடைசிக் கட்டுப் புல்லையும் நட்டுவிட்டார்கள். அந்த நாட்கள் முழுவதும் எனக்கு ஒரே பயம்தான்: அஞ்சலை எப்போது சொல்லிவிடுவாளோ. அவள் தண்ணீர் குடிக்க நிமிர்ந்தால்கூட நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விடுவேன்.

அவள் சொல்லவே இல்லை. நிச்சயதார்த்தத்துக்குள் புல் வேர்பிடித்துவிட்டது. அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்த இடத்தில் ஷாமியானா பந்தல்காரர் நாற்காலி போட்டு மறைத்துவிட்டார். ஆபீசர் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். மூன்று டின்னிலும் ஏதோ விழுந்தது. நோட்டில் இருந்த நாளுக்கெல்லாம் சாச்சா சனிக்கிழமை கூலி கொடுத்தார்.

என் மகளுக்கு இப்போது நான்கு வயது. வீட்டில் ஏதாவது உடைந்தால், யார் உடைத்தது என்று கேட்க வாய் வரும். கேட்கவேண்டாம் என்றும் தோன்றும். கேட்டால் பொய் சொல்லக் கற்றுக்கொள்வாளோ, கேட்காவிட்டால் வேறு எதையாவது கற்றுக்கொள்வாளோ தெரியவில்லை. என் கணவர், ஒரு டம்ளருக்கு இவ்வளவு யோசனையா என்கிறார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, கூலி வாங்கியபின் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வாரம் உப்பளம் திறக்கிறது. அஞ்சலை மட்டும் என்னிடம் வந்து நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"புதுப் பக்கத்துல எங்க ஆறு பேரயும் எழுதி வையி பாப்பா. அடுத்த ஐப்பசிக்கு சாச்சா வேற ஆள கூப்ட்டுடப் போறாரு" என்றாள்.

அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு இடத்துக்காக ஆறு பேரும் எவ்வளவு கொடுத்துவிட்டார்கள், அதை யார் தப்புக்காகக் கொடுத்தார்கள் என்றெல்லாம் பத்து வயதில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நான் ஸ்கேல் வைத்து மேலே கோடு போட்டேன். கோடு கொஞ்சம் கோணலாகப் போயிற்று. அவளை நிற்கச் சொல்லிவிட்டு, ரப்பரால் அழித்து, மறுபடி நேராகப் போட்டேன்.