கணுக்கால் கொண்டுவந்த நாற்காலி

சவரத் தொழிலுக்குக் கைதான் முக்கியம்னு சொல்றவங்க எல்லாம் சவரம் பண்ணிக்கிட்டவங்க. பண்ணிவிட்டவனைக் கேட்டா கணுக்கால்னு சொல்லுவான். நாத்து நடுறவங்க, பாத்திரம் விளக்குறவங்க, சந்தையில காய் விக்கிறவங்கன்னு நாள் பூரா குத்தவச்சுப் பொழைக்கிற நம்ம ஆளுங்களுக்கு நான் இதை விளக்கவா வேணும்?

பாதி மீசை

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும். விராலிமலையில, மதுரை ரோட்டோரப் புளியமரத்தடிதான் என் கடை. வாடிக்கைக்காரர் மணைப்பலகையில உக்காருவார். நான் எதிர்ல குத்தவச்சு, அவர் மொகத்துக்கு நேரா என் மொகத்தை வச்சுக்கிட்டு வேலை பாப்பேன்.

அன்னிக்கு உக்காந்திருந்தது பண்ணையார். ஒரு பக்கத்து மீசையை ஒதுக்கி முடிச்சுட்டு, மறுபக்கத்துக்காக இன்னும் கொஞ்சம் முன்னால சாஞ்சேன் பாருங்க, வலது கணுக்காலுக்கு முன்பக்கம், பாதம் மேல மடங்குற எடத்துல, வெடுக்குன்னு ஒரு கிள்ளு. உள்ள கல்லு மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. கத்தியோட எந்திரிச்சுட்டேன். நின்னா வலி இல்லை, உக்காந்தா உசுரு போகுது. மறுபடியும் எந்திரிச்சேன். பண்ணையார் பாதி மீசையோட அண்ணாந்து பாத்தார். "ஏப்பா, நின்னு நின்னு யோசிக்கிற அளவுக்கு என் மூஞ்சியில அப்படி என்னதான் இருக்கு?"

சுளுக்கு எடுக்கிறவன் கால்

சவரக்காரங்க நாங்க சுளுக்கும் எடுப்போம். ஊர்க் கழுத்து, ஊர் இடுப்பு எல்லாத்தையும் திருகிவிட்ட கை இது, சொந்தக் காலை மட்டும் சும்மா விடுமா? நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவி, பாதத்தை மேல மடக்கி மடக்கி இழுத்தேன். எந்தப் பக்கம் மடக்குனா வலிக்குதோ அந்தப் பக்கமே மடக்குறது எம்புட்டுப் பெரிய கிறுக்குத்தனம்னு அப்பத் தெரியலை. விடிஞ்சா கணு பணியாரம் கணக்கா வீங்கிக் கெடக்கு.

அந்த நேரம் பாத்து நார்த்தாமலையிலேருந்து ஒருத்தர் கழுத்துச் சுளுக்கோட வந்து சேர்ந்தார். கழுத்து திரும்பாததால உடம்போட திரும்பி, துணி சுத்தியிருந்த என் காலைப் பாத்தார். வந்த வழியே நடையைக் கட்டுனார். "நீங்க மொதல்ல ஒங்க காலைப் பாருங்க. என் கழுத்து இப்படியே இருந்துட்டுப் போகுது."

கதவிடுக்கு

வேற வழியில்லாம புதுக்கோட்டைக்குப் போய் ஒரு டாக்டர்கிட்ட காலை நீட்டுனேன். கணுவுக்கு முன்னால கட்டைவிரலை வச்சு அமுக்கி, பாதத்தை மேல தூக்குனார். நான் போட்ட சத்தத்துல வெளியில காத்திருந்த ரெண்டு பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்க. சின்ன வயசுல நெறைய பந்து ஒதைச்சீங்களான்னு கேட்டார். நமக்கு ஏதுங்க பந்துன்னேன். பந்து ஒதைக்கிறவங்களுக்குத்தான் இந்த வலி அதிகம் வருமாம்.

குத்தவச்சா, கீழ்க்கால் எலும்பும் பாத எலும்பும் முன்பக்கம் நெருங்குமாம். கதவிடுக்குல வெரல் மாட்டுன மாதிரி நடுவுல இருக்கிற சவ்வு நசுங்குமாம். வருசக்கணக்கா இப்படி இடிச்சா எலும்பே லேசா மொளைவிடுமாம். இழுக்காதீங்க, மடக்காதீங்க, ஈரத்துணி போடுங்க, செருப்புல குதிகாலுக்கு அடியில தோல்துண்டு வச்சு ஒசத்திக்கங்க, எல்லாத்துக்கும் மேல குத்தவைக்கிறதை விட்டுடுங்கன்னார். விட்டுட்டா புள்ளைகுட்டிக்கு எதைப் போடுறதுன்னு கேட்டேன். அவர் சாவகாசமா கையைத் தொடைச்சார். "நீங்க ஏன் கீழ போறீங்க? அவங்களை மேல ஏத்தி உக்கார வைங்க."

ஆளில்லாத நாற்காலி

நாற்காலி வாங்கிப் போட்டேன். நின்னு வேலை பாத்தா காலுக்குச் சொகம்தான், ஆனா உக்கார ஆள் வேணுமே! பண்ணையார் உக்காராத நாற்காலியில உக்கார மத்தவங்களுக்குப் பயம். மத்தவன் உக்கார்ற நாற்காலின்னா பண்ணையாருக்கு ஆகாது. மணைப்பலகையை எடுத்துப் போட்டா ஊரே வரும், என் கால் போயிடும். போடலைன்னா அடுப்பு எரியாது. ஈ ஓட்டிக்கிட்டு நின்னேன்.

ஒருநாள் பஸ் பஞ்சராகி நின்னுச்சு. எறங்குன கோட்டைப்பட்டினத்து மரைக்காயர் ஒருத்தர், யாரையும் எதுவும் கேக்காம நாற்காலியில உக்காந்து தாடியை ஒதுக்கிக்கிட்டுப் போனார். பண்ணையில மாடு பாக்குற மாரி இதை ஒதுங்கி நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். அதுவரைக்கும் அவனுக்கு மரத்துக்குப் பின்னாலதான் சவரம். மகளுக்கு மறுநாள் கல்யாணம். உக்காருடான்னேன். நுனியில ஒட்டுனான். சோப்பு போட்டு முடிக்கிறதுக்குள்ள நல்லாவே சாஞ்சுட்டான். "இங்கிட்டு இருந்து பாத்தா ரோடு நல்லாத் தெரியுதுண்ணே."

சூடு

அந்த ரோட்டுலதான் பண்ணையார் வந்தார், ஒரு மாசத்துத் தாடியோட. மாரி பதறி எந்திரிக்கப் பாத்தான். தொண்டைக்குழியில கத்தி இருக்கு, அசைஞ்சா போச்சுடான்னேன். அவன் உக்காந்திருக்க, பண்ணையார் நின்னார்.

மாரி எறங்கி ஓடுனதும், மணையைப் போடுன்னார் பண்ணையார். போடுறேங்கய்யா, ஆனா டாக்டர் குத்தவைக்கக் கூடாதுன்னுட்டார், மீறி உக்காந்தா பாதி மீசையில எந்திரிச்சுடுவேன்னேன். அவர் மீசையைத் தடவிக்கிட்டார். நாற்காலியைப் பாத்தார். சுத்துமுத்தும் பாத்தார். "சரி, செத்த நேரம் ஆறட்டும். அவன் உக்காந்த சூடு போகட்டும்."

சூடு ஆறி அவரும் உக்காந்தார், அன்னியிலேருந்து ஊர் மொத்தத்துக்கும் அந்த ஒரே நாற்காலியிலதான் சவரம், என் கணுக்கால்தான் இன்னும் முழுசா ஆறலை.