கோட்டையில் களை பிடுங்கியவள்

போன ஞாயிறு காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கே? எனக்கே தெரியாது. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே... எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து ஒரு இடத்தில் கால் நிற்காது. பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் நிலைய பெஞ்சில் படுத்திருக்கிறேன். அதையெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

என் மனைவி சரசு அப்படியில்லை. றக்வான பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னோடு ஊர் சுற்ற வந்ததில்லை. அன்றைக்கு வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு பௌர்ணமி, போயா லீவுதானே? நானும் வர்றேன்."

"எங்க?"

"ஊரெல்லாம் பாத்தவரு நீங்கதானே... கடல காட்டுங்க."

கடலென்றால் தங்காலை. போகிற வழியில், கட்டுவனவில், ஒல்லாந்தர் கட்டிய பழைய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. அதையும் பார்ப்போம் என்றேன். பெண்டாட்டியிடம் கொஞ்சம் அறிவைக் காட்ட எந்தப் புருஷனுக்கு ஆசையிருக்காது? ஆனால் உள்ளே ஒரு பயம் — இந்தப் பயணம் கெட்டால் இவள் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டாள்.

எம்பிலிப்பிட்டியவில் பஸ் மாறி, மித்தெனியவில் மறுபடி மாறி, கோட்டைக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். சரசு சுற்றிப் பார்த்தாள்.

"கூரை எங்க?"

"விழுந்துருச்சு புள்ள. எவ்வளவு காலமாச்சு!"

"நம்ம லயத்து வீட்டுல விழுந்தா தகரமாவது குடுக்குறாங்க. இவங்களுக்கு அதுவும் இல்லையா?"

நான் பீரங்கி, போர் என்று அளந்துகொண்டிருந்தேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கண் முழுக்கச் சுவர் இடுக்கில் முளைத்திருந்த ஒரு செடி மேல். தேயிலை மலையில் களையைப் பாதியில் கிள்ளினால் கங்காணி சும்மா விடமாட்டார். வேரோடு வர வேண்டும். கை தானாகப் போனது. பிடித்தாள், இழுத்தாள்...

வேர் வந்தது. கூடவே தலையளவு கல் ஒன்றும் வந்தது.

"அனே அக்கே! மொக்கத கரே?" என்று காவல்காரர் ஓடி வந்தார். என்ன காரியம் செய்தாய் என்று கேட்டபடி தலையில் கை வைத்துக்கொண்டார். தொல்பொருளில் கை வைத்தால் பொலிஸ், கோர்ட்! தனக்கு மேலேயுள்ள பெரியவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றார்.

கடலுக்குப் பதிலாக பொலிஸைக் காட்டப்போகிறேனா இவளுக்கு?

சரசு அசையவில்லை. நல்ல சிங்களத்தில் காவல்காரரிடம் சொன்னாள். "சொல்லுங்க தம்பி. ஆனா முழுசா சொல்லுங்க. கல்ல தள்ளினது என் கை இல்ல, இந்த வேரு. அங்க பாருங்க இன்னொண்ணு, இங்க ஒண்ணு... விரல் தடிமன்ல இருக்கப்பவே இத எடுக்கணும். ரெண்டு மழை போனா ஒங்க சுவரே இருக்காது."

அவர் சுவரைப் பார்த்தார். வேர்களைப் பார்த்தார். பிறகு போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அந்தப் பெரியவரோடு பேசினார். பேசி முடித்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு. உத்தரவு இதுதான்: கல்லைச் சுவரடியில் வை. வேர்களை எல்லாம் படம் எடுத்து அனுப்பு. அந்த அக்காவை உடனே வெளியே அனுப்பு!

எத்தனையோ கோட்டைகளை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஒன்றுக்காவது என்னால் ஒரு புல்லளவு உபகாரம் உண்டா?

பொழுது சாய்வதற்குள் தங்காலை வந்துவிட்டோம். மணலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அலை வந்து சேலையை நனைத்தது. நகரவில்லை.

"அந்தப் பக்கம் என்னாங்க இருக்கு?"

"ஒண்ணுமில்ல. உலகத்தோட அடி வரைக்கும் தண்ணிதான்."

"இவ்வளவு எடத்துல ஒரு தேயிலைகூட நடாமயா விட்டுட்டாங்க?"

அவ்வளவுதான். அங்கேயே ஒரு அறையில் தங்கிவிட்டு, மறுநாள் பஸ் ஏறினோம். வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாள். பிடித்ததா, பிடிக்கவில்லையா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து வந்ததும் அவளே சொன்னாள். "வர்ற ஞாயிறு கடலுக்கு வேன் பேசியாச்சு. எங்க மலையில கொழுந்தெடுக்குறவங்க பதினாலு பேரு."

ஆகா! நான் பையைத் தேட ஆரம்பித்தேன்.

"நீங்க எதுக்கு? வேன்ல எடமில்லைங்க."

இன்றைக்கு அந்த ஞாயிறு. ஊர்சுற்றியான நான் வீட்டில் இருக்கிறேன் — சோறு வடிக்க வேண்டும்.